ஒரே ஸ்விட்சில் நான்கு பேர் கை வைத்தால்

வாசகர் கேள்வி: மூன்று கிளைகள் கொண்ட ஒரு தனியார் மருத்துவமனையில் நெட்வொர்க் பிரிவைக் கவனித்துக்கொள்கிறேன். என்னையும் சேர்த்து உள்ளே மூன்று பேர். ஒப்பந்த நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் வெளியிலிருந்து ரிமோட்டில் வருவார். நான்கு பேருக்கும் ஒரே ‘அட்மின்’ கணக்கு, ஒரே கடவுச்சொல். சென்ற மாதம் ஓர் இரவு 9.30 மணிக்கு அந்தப் பொறியாளர் கோர் ஸ்விட்சின் (நெட்வொர்க்கின் மைய ஸ்விட்ச்) கான்ஃபிகரேஷனை, அதாவது அதன் அமைப்பு வரிகளை, பார்த்து, புதிய ஆய்வகக் கருவிகளுக்கான வி-லேன் 40-ஐ (நெட்வொர்க்குக்குள் தனியாகப் பிரித்த ஒரு பகுதி) ஒரு ட்ரங்க் போர்ட்டில் (பல வி-லேன்களை ஒன்றாகச் சுமக்கும் இணைப்பில்) சேர்க்கும் வரிகளை நோட்பேடில் தயார் செய்துகொண்டார். 9.50-க்கு எங்கள் இரவுப் பணியாளர் மருந்தகத்தின் பில்லிங் கணினிகளுக்காக அதே போர்ட்டில் வி-லேன் 50-ஐச் சேர்த்தார். சோதித்துப் பார்த்தார், சரியாக இருந்தது, போய்விட்டார். 10.15-க்குப் பொறியாளர் தன் வரிகளை ஒட்டிச் சேமித்தார். மருந்தக பில்லிங் நின்றுபோனது. ஸ்விட்சை ரீஸ்டார்ட் செய்தும் பயனில்லை. காரணம் புரிய நள்ளிரவு ஆகிவிட்டது. இருவருமே ‘நான் தவறு எதுவும் செய்யவில்லை’ என்கிறார்கள். கடவுச்சொல்லை இனி ஒருவரிடம் மட்டும் வையுங்கள் என்கிறது நிர்வாகம். வாட்ஸ்அப் குழுவில் சொல்லிவிட்டுச் செய்தால் போதும் என்கிறார் என் மேலாளர். இரண்டாவது ஆளைக் கருவியே தடுத்து நிறுத்த வழியில்லையா? எங்களிடம் சிஸ்கோ ஸ்விட்சுகள், ஒரு ஜூனிப்பர் ரவுட்டர், ஒரு பாலோ ஆல்டோ ஃபயர்வால், கிளைகளில் மைக்ரோடிக் ரவுட்டர்கள் உள்ளன.

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

வழி இருக்கிறது. நீங்கள் சொல்லும் நான்கில் மூன்று வகைக் கருவிகளில் பூட்டு, அதாவது ஒருவர் மாற்றும்போது மற்றவரைத் தடுக்கும் வசதி, உள்ளேயே வருகிறது; நான்காவதில் பூட்டைப் போலத் தோன்றும் வேறொன்று இருக்கிறது. புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். சிஸ்கோவின் பூட்டை நீங்கள் ஒரு வருடத்துக்கு முன்பே போட்டு வைத்திருந்தாலும், அன்றிரவு மருந்தகம் நின்றுதான் இருக்கும்.

உங்கள் கடிதத்திலுள்ள நேரங்களையே பாருங்கள். 9.30, 9.50, 10.15. இருவரும் ஒரே நேரத்தில் தட்டச்சு செய்யவே இல்லை. 9.50-க்கு வந்தவர் பூட்டை எடுத்திருப்பார், இரண்டு நிமிடத்தில் வேலையை முடித்து விட்டிருப்பார். 10.15-க்கு வந்தவருக்குப் பூட்டு தாராளமாகக் கிடைத்திருக்கும். ஸ்விட்ச் யாரையும் தடுத்திருக்காது, ஏனென்றால் தடுக்க அங்கே யாரும் மோதிக்கொள்ளவில்லை.

மோதியது வேறு இடத்தில். பொறியாளர் 9.30-க்குப் பார்த்தபோது அந்த ட்ரங்க் போர்ட்டில் அனுமதிக்கப்பட்ட பட்டியல் 10, 20, 30 என்று இருந்திருக்கும் என்று வைத்துக்கொள்வோம். அவர் எழுதிக்கொண்ட வரி ‘ஸ்விட்ச்போர்ட் ட்ரங்க் அலவ்ட் வி-லேன் 10,20,30,40’. சிஸ்கோவில் இந்த வரிக்கு ‘40-ஐச் சேர்’ என்று பொருள் கிடையாது. ‘இதுவரை இருந்த பட்டியலைத் தூக்கி எறி, இனி இந்த நான்கு மட்டும்தான்’ என்று பொருள். இடையில் வந்து சேர்ந்த 50 அவருடைய நோட்பேடில் இல்லை. அதனால் ஸ்விட்சிலும் இல்லாமல் போனது. பிழைச் செய்தி வராது, எச்சரிக்கை வராது. அவர் சேர்த்த 40 ஒழுங்காக வேலை செய்யும், அவரும் நிம்மதியாகத் தூங்கப் போவார். ‘வி-லேன்’ என்ற சொல்லுக்குப் பிறகு ‘ஆட்’ என்று ஒரு சொல்லைப் போட்டு, 40 என்று மட்டும் எழுதியிருந்தால் இந்தக் கடிதமே எனக்கு வந்திருக்காது. இருவரும் பொய் சொல்லவில்லை. பழைய படம் ஒன்றைப் பார்த்துப் புதிய வேலை செய்திருக்கிறார் ஒருவர், அவ்வளவுதான்.

தரவுத்தளம் எழுதுகிறவர்களுக்கு இது மிகப் பழைய பகை. படித்தல், மாற்றுதல், எழுதுதல் என்ற மூன்றுக்கும் நடுவே இன்னொருவர் புகுந்து எழுதிவிட்டால், அவர் எழுதியது சத்தமில்லாமல் காணாமல் போகும். நெட்வொர்க்கில் இது வி-லேன் பட்டியலோடு நிற்பதில்லை. அக்சஸ் லிஸ்ட்டிலும், அதாவது எதை அனுமதிப்பது, எதைத் தடுப்பது என்ற விதிகள் மேலிருந்து கீழாகப் பார்க்கப்படும் பட்டியலிலும், அடிக்கடி பார்க்கலாம். 20-ஆம் வரிக்கும் 30-ஆம் வரிக்கும் இடையில் 25 என்று ஒரு விதியைச் செருக ஒருவர் திட்டமிட்டிருப்பார். அதற்குள் இன்னொருவர் வரிசை எண்களைச் சீராக்கிவிட்டிருப்பார். 25 இப்போது முற்றிலும் வேறு இரண்டு விதிகளுக்கு நடுவே போய் உட்காரும். அனுமதிக்கும் விதிக்கு மேலே விழ வேண்டிய தடை கீழே விழுந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே உங்களுக்குத் தேவையான பூட்டு, எழுதும் கணத்துக்கான பூட்டு அன்று. கான்ஃபிகரேஷனைப் பார்க்க உட்காரும்போதே அதை எடுக்க வேண்டும். மாற்றி, சோதித்து, சேமித்த பிறகே விட வேண்டும். கீழே நான் சொல்லும் ஒவ்வொரு கட்டளையையும் இந்த ஒரு கண்ணோடுதான் படிக்க வேண்டும்.

சிஸ்கோவில் தொடங்குவோம், உங்கள் காயம் அங்கேதான். சிஸ்கோவின் இயங்குதளமான ஐஓஎஸ்-இல் இயல்பாக எந்தத் தடுப்பும் கிடையாது. எத்தனை பேர் வேண்டுமானாலும் ‘கான்ஃபிகர் டெர்மினல்’ கொடுத்து ஒரே சமயத்தில் உள்ளே நுழையலாம். ஒவ்வொரு வரியும் என்டர் தட்டிய நொடியே நடைமுறைக்கு வந்துவிடும். கடைசியாகத் தட்டியவர் வார்த்தையே சட்டம். இதை மாற்ற ‘கான்ஃபிகரேஷன் மோட் எக்ஸ்க்ளூசிவ்’ என்ற கட்டளை இருக்கிறது. அதில் ‘ஆட்டோ’ என்று கொடுத்தால், முதலில் நுழைகிறவருக்குப் பூட்டு தானாகக் கிடைக்கும். ‘மேனுவல்’ என்றால் ‘கான்ஃபிகர் டெர்மினல் லாக்’ என்று கேட்டு வாங்குகிறவருக்கு மட்டும். மனிதர்களை நம்பி மேனுவலில் விடாதீர்கள். அவசரத்தில் யாரும் கேட்டு வாங்க மாட்டார்கள். இரண்டாவதாக வருகிறவருக்கு, இன்னார் பூட்டி வைத்திருக்கிறார், பிறகு வாருங்கள் என்று செய்தி வரும். யார் வைத்திருக்கிறார் என்பதை ‘ஷோ கான்ஃபிகரேஷன் லாக்’ காட்டும். ஓர் எச்சரிக்கை: ஐஓஎஸ் வெளியீட்டுக்கு வெளியீடு இந்தக் கட்டளையின் துணைச்சொற்கள் மாறியிருக்கின்றன. சிலவற்றில் இந்த வசதி எடுக்கப்பட்டு, கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாக மட்டும் ஏற்கும் வேறொரு வசதி வந்திருக்கிறது. அது பூட்டுக்கு மாற்று ஆகாது. உங்கள் ஸ்விட்சில் என்ன இருக்கிறது என்பதைக் கேள்விக்குறியைத் தட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். உற்பத்தியில் இருக்கும் கோர் ஸ்விட்சில் வேண்டாம். அதே வெளியீடு ஓடும் ஒரு மாடி ஸ்விட்சில் பாருங்கள்.

இந்தப் பூட்டு கான்ஃபிகரேஷன் நிலைக்குள் இருக்கும்வரைதான் உங்களுடையது. வெளியே வந்ததும் போய்விடும். எனவே பழக்கத்தை மாற்ற வேண்டும். முதலில் உள்ளே நுழைந்து பூட்டை எடுங்கள். அதன் பிறகு, உள்ளே இருந்தபடியே ‘டூ ஷோ ரன்’ என்று கொடுத்து இப்போதைய நிலையைப் படியுங்கள். நோட்பேடில் தயார் செய்துவைத்ததை அதோடு ஒப்பிட்டு, வேறுபாடு இருந்தால் நோட்பேடைத் திருத்துங்கள். ஒட்டுங்கள், சோதியுங்கள். சேமிப்பதையும் உள்ளேயிருந்தே ‘டூ ரைட் மெமரி’ என்று முடித்துவிட்டு வெளியே வாருங்கள். பகல் முழுக்க உட்கார்ந்து தயார் செய்யும் பெரிய மாற்றங்களுக்குப் பகல் முழுக்கப் பூட்டை வைத்திருக்க முடியாது. அது நியாயமும் இல்லை. அதற்கு இந்த ஒப்பிடுதல்தான் ஒரே மருந்து.

ரீஸ்டார்ட் ஏன் கைகொடுக்கவில்லை என்பதும் இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். பொறியாளர் சேமித்துவிட்டார். ரீஸ்டார்ட் என்பது சேமித்ததற்குத் திரும்பும் வழியே தவிர, நேற்றைக்குத் திரும்பும் வழி இல்லை. இதில் இன்னொரு குழி இருக்கிறது, பலருக்கும் தெரிவதில்லை. தொலைவிலிருந்து ஆபத்தான மாற்றம் செய்கிறவர்கள், ‘ரீலோட் இன் 10’ என்று கொடுத்துவிட்டுத் தொடங்குவார்கள். இணைப்பு அறுந்தால் பத்து நிமிடத்தில் ஸ்விட்ச் தானாக எழுந்து, சேமித்த பழைய நிலைக்கு வரும் என்ற நம்பிக்கை. நல்ல வழக்கம்தான். ஆனால் அந்தப் பத்து நிமிடத்துக்குள் இன்னொருவர் தன்னுடைய சின்ன வேலையை முடித்து ‘ரைட் மெமரி’ கொடுத்தால், முதல் ஆளின் பாதி வெந்த மாற்றமும் சேர்ந்தே சேமிக்கப்படும். ரன்னிங் கான்ஃபிகரேஷனில், அதாவது இப்போது நடைமுறையில் இருக்கும் வரிகளில், இது உன்னுடையது, அது என்னுடையது என்ற பாகுபாடு கிடையாது. பத்து நிமிடம் கழித்து ஸ்விட்ச் எழுந்து, அறுந்த நிலைக்கே மறுபடி வரும்.

பழைய கான்ஃபிகரேஷன்களைப் பிரதி எடுத்து வைக்கும் ‘ஆர்க்கைவ்’ வசதியைப் போட்டு வைத்திருந்தால், ‘கான்ஃபிகர் டெர்மினல் ரிவர்ட் டைமர் 10’ என்று நுழையலாம். பத்து நிமிடத்துக்குள் ‘கான்ஃபிகர் கன்ஃபர்ம்’ கொடுக்காவிட்டால், ரீஸ்டார்ட் இல்லாமலேயே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். இதுவும் முழு கான்ஃபிகரேஷனையும் பின்னுக்குத் தள்ளும் என்பதை மறக்காதீர்கள். நடுவில் இன்னொருவர் செய்த நியாயமான மாற்றமும் சேர்ந்து அழியும். பூட்டு இல்லாமல் இந்தப் பின்வாங்கல் வசதிகளை மட்டும் போட்டால், ஒருவரின் பாதுகாப்பு மற்றவரின் விபத்தாக முடியும்.

ஜூனிப்பருக்கு வருவோம். இங்கே அடிப்படை அமைப்பே வேறு. நீங்கள் தட்டுவது உடனே நடைமுறைக்கு வராது. ஒரு வரைவில் சேரும், ‘கமிட்’ கொடுத்தால்தான் உயிர் பெறும். இதைக் கேட்டதும் பலர் நிம்மதி அடைகிறார்கள். அடையக் கூடாது. வெறும் ‘கான்ஃபிகர்’ என்று நுழைந்தால் எல்லோரும் ஒரே வரைவில்தான் எழுதுகிறார்கள். நீங்கள் பாதியில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போயிருக்கும்போது இன்னொருவர் கமிட் கொடுத்தால், உங்கள் பாதி வேலையும் அவரோடு சேர்ந்து மேடையேறும். உள்ளே நுழையும்போது வேறு யார் எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்று ஜூனிப்பரின் இயங்குதளமான ஜூனோஸ் சொல்கிறது. அந்த வரிகளை நின்று படிக்கிறவர்கள் குறைவு.

இதற்கு இரண்டு மாற்று உண்டு. ‘கான்ஃபிகர் எக்ஸ்க்ளூசிவ்’ என்றால் வரைவு முழுதும் உங்களுடையது. மற்றவர்கள் மாற்ற முடியாது. கமிட் செய்யாமல் வெளியேறினால் உங்கள் மாற்றங்கள் கலைக்கப்படும். ‘கான்ஃபிகர் பிரைவேட்’ என்றால் ஆளுக்கொரு தனி வரைவு. உங்கள் கமிட்டில் உங்கள் மாற்றங்கள் மட்டும் போகும். ஒரே வரியை இருவர் தொட்டிருந்தால் இரண்டாமவருக்கு மோதலைத் தெரிவிக்கும். பத்துப் பதினைந்து பேர் ஒரே பெட்டியில் வெவ்வேறு பகுதிகளைக் கையாளும் தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்குப் பிரைவேட் பொருந்தும். நான்கு பேர் கொண்ட உங்களுக்கு எக்ஸ்க்ளூசிவே நல்லது. பயனர்களுக்கு உரிமைகளை வகுக்கும் லாகின் கிளாஸில் கட்டளைகளைத் தடுக்கும் வசதியைப் பயன்படுத்தி, வெறும் ‘கான்ஃபிகர்’ என்ற கதவையே மூடிவிடுங்கள்.

கமிட் செய்யும் முன் ‘ஷோ’ கட்டளையைக் ‘கம்பேர்’ உடன் கொடுத்து என்ன மாறப்போகிறது என்று பார்க்கும் பழக்கம் வேண்டும். உங்களுடையது அல்லாத ஒரு வரி அதில் தெரிந்தால் கையை எடுங்கள். ‘கமிட் கன்ஃபர்ம்ட்’ கொடுத்தால், எண் எதுவும் தராவிட்டால், பத்து நிமிடம் காத்திருக்கும். மறுபடி உறுதி செய்யாவிட்டால் தானாகப் பின்வாங்கும். பழைய கான்ஃபிகரேஷன்கள் 0 முதல் 49 வரை ஐம்பது வைத்திருக்கும். அன்றிரவு உங்கள் கோர் ஸ்விட்ச் ஜூனிப்பராக இருந்திருந்தால், பத்தேகால் மணிக்கு என்ன நடந்தது என்பதை இரண்டே கட்டளைகளில் கண்டுபிடித்திருக்கலாம்.

பாலோ ஆல்டோவில் இரண்டு தனித்தனிப் பூட்டுகள் உண்டு. கான்ஃபிக் பூட்டு போட்டால் மற்றவர்கள் வரைவை மாற்ற முடியாது. கமிட் பூட்டு போட்டால் மாற்றலாம், கமிட் செய்ய முடியாது. யாராவது வரைவைத் தொட்டதும் கமிட் பூட்டு தானாக விழும்படி ஓர் அமைப்பு இருக்கிறது, அதை இயக்கிவிடுங்கள். பூட்டியவரோ எல்லா உரிமைகளும் உள்ள சூப்பர்யூசரோதான் திறக்க முடியும். நான்கு பேரும் சூப்பர்யூசராக இருந்தால் பூட்டுக்கு அலங்கார மதிப்பு மட்டுமே.

மைக்ரோடிக்கின் ‘சேஃப் மோட்’ பற்றித்தான் அதிகத் தவறான நம்பிக்கைகள். கன்ட்ரோலையும் எக்ஸையும் சேர்த்து அழுத்தி அதில் நுழைந்தால், உங்கள் இணைப்பு எதிர்பாராமல் அறுந்தால் மாற்றங்கள் தானாக ரத்தாகும். கிளை ரவுட்டரைத் தொலைவிலிருந்து தொடுகிறவருக்கு வரப்பிரசாதம். ஆனால் அது மற்றவர்களைத் தடுக்காது. அதைவிட முக்கியம்: நீங்கள் சேஃப் மோடில் இருக்கும்போது வேறொருவர் தனி இணைப்பில் செய்த மாற்றங்களும், உங்கள் இணைப்பு அறுந்தால் சேர்ந்தே ரத்தாகும். அவருக்கு ஒன்றும் புரியாது. செய்தேன், வேலை செய்தது, பிறகு காணோம் என்பார். இரண்டாமவரும் சேஃப் மோட் கேட்டால், முதலாமவரின் மாற்றங்களை ரத்து செய்யவா, ஏற்றுக்கொள்ளவா, விட்டுவிடவா என்று ரவுட்டர் கேட்கும். அந்தக் கேள்வியைப் படிக்காமல் ஒரு எழுத்தைத் தட்டுவதால் வரும் வினை தனிக்கதை.

இனி உங்கள் நிர்வாகத்தின் யோசனை. கடவுச்சொல்லை ஒருவரிடம் வைப்பது பாதுகாப்பாகத் தோன்றும். அந்த ஒருவர் விடுப்பில் போவார், தூங்குவார், விமானத்தில் இருப்பார். தீவிர சிகிச்சைப் பிரிவின் மானிட்டர்கள் இணைப்பு இழக்கும் இரவில் அவர் தொலைபேசியில் கடவுச்சொல்லை எழுத்தெழுத்தாகச் சொல்வார். மறுநாளிலிருந்து மறுபடி நான்கு பேருக்கும் தெரியும். இந்த யோசனையை நான் முழுமையாக எதிர்க்கிறேன்.

இப்போது இருக்கும் பொது ‘அட்மின்’ கணக்கு அதைவிட மோசம். பூட்டின் முழுப் பயனும், யார் வைத்திருக்கிறார் என்று அது சொல்வதில்தான் இருக்கிறது. ‘அட்மின்’ பூட்டி வைத்திருக்கிறார் என்று ‘அட்மின்’ ஆக நுழைந்த உங்களுக்குச் செய்தி வந்தால் யாரைக் கூப்பிடுவீர்கள்? முதல் வேலையாக ஆளுக்கொரு கணக்கைத் திறங்கள். இருபது முப்பது கருவிகள் என்றால் அவற்றிலேயே தனித்தனிப் பயனர்களை உருவாக்கிக்கொள்ளலாம். அதற்கு மேல் என்றால் ஒரு டக்காக்ஸ் பிளஸ் சர்வர் வைத்துவிடுங்கள். லினக்ஸில் இலவசமாகக் கிடைக்கிறது. யார் எந்தக் கட்டளையைக் கொடுக்கலாம் என்று வரையறுக்கவும், யார் எதைக் கொடுத்தார் என்று பதிவு செய்யவும் அது உதவும். இரவுப் பணியாளருக்குப் பார்க்கும் கட்டளைகளும், ஒற்றைக் கருவி இணையும் அக்சஸ் போர்ட்டை மாற்றும் உரிமையும் போதும். ட்ரங்கைத் தொடும் உரிமை அவருக்கு எதற்கு? ‘அட்மின்’ கணக்கின் கடவுச்சொல்லை மாற்றி, உறையில் இட்டு, முத்திரை வைத்து, சர்வர் அறைப் பொறுப்பாளரிடம் கொடுங்கள். டக்காக்ஸ் சர்வரே விழுந்துவிட்ட நாளுக்கு அது.

சிஸ்கோவில் ஆர்க்கைவ் பகுதிக்குள் ‘லாக் கான்ஃபிக்’ என்பதை இயக்கினால், எந்தப் பயனர் எந்த வரியைத் தட்டினார் என்பதை ஸ்விட்சே எழுதி வைக்கும். அமைத்துக் கொடுத்தால், பதிவுகளைச் சேர்த்து வைக்கும் சிஸ்லாக் சர்வருக்கும் அனுப்பும். கடவுச்சொற்களை மறைக்கும் துணைச்சொல்லையும் மறவாமல் சேருங்கள். இது இருந்திருந்தால் நள்ளிரவு வரை தேடியிருக்க வேண்டாம்.

கணக்குகள் பிரிந்த பிறகு பூட்டோடு ஒரு புதுத் தலைவலி வரும்: பூட்டியவர் வீட்டுக்குப் போய்விடுவார். லேப்டாப் மூடி, இணைப்பு தொங்கிக்கொண்டிருக்கும். சிஸ்கோவில் செயலற்ற இணைப்பு இயல்பாகப் பத்து நிமிடத்தில் அறுக்கப்படும். ஆனால் எரிச்சல்பட்ட யாரோ ஒருவர் எப்போதோ ‘எக்ஸெக் டைம்அவுட் 0 0’ என்று போட்டு, அந்த வரம்பையே எடுத்திருப்பார். நான் பார்க்கும் நெட்வொர்க்குகளில் இது இல்லாத இடம் அபூர்வம். தேடி எடுத்துவிடுங்கள். ஜூனிப்பரில் இயல்பாகவே வரம்பு கிடையாது. லாகின் கிளாஸில் நீங்கள்தான் போட வேண்டும். பூட்டை வலுக்கட்டாயமாக அறுக்கும் உரிமையை இருவருக்கு மட்டும் கொடுங்கள், அறுக்கும் முன் பூட்டியவருக்குத் தொலைபேசியில் பேசியாக வேண்டும் என்று எழுதி வையுங்கள். பதில் வராவிட்டால் அறுக்கலாம். அதையும் எழுதி வையுங்கள்.

வாட்ஸ்அப் குழுவை நான் ஒதுக்கவில்லை. என்ன நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரிய அது உதவும். ஆனால் ‘தொடங்குகிறேன்’ என்று போடுகிறவர்களில் பாதிப் பேர் ‘முடித்துவிட்டேன்’ என்று போடுவதில்லை; கைபேசியை ஓரமாக வைத்துவிட்டு வேலை செய்கிறவர் எதையும் படிப்பதுமில்லை. அறிவிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள், அனுமதிக்கு வேண்டாம்.

அனுமதிக்கு நான் பரிந்துரைப்பது ஒரு ஜம்ப் சர்வர், அதாவது எல்லோரும் அதன் வழியாக மட்டுமே மற்ற கருவிகளுக்குள் போகும் ஓர் இடைநிலை இயந்திரம். ஒற்றைத் தண்டவாளப் பாதைகளில் நம் ரயில்வே வைத்திருந்த நீல் பந்து டோக்கன் முறையைப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். இரண்டு நிலையங்களுக்கு நடுவே ஒரு நேரத்தில் ஒரு பந்துதான் கருவியிலிருந்து வெளியே வரும். அது கையில் இல்லாமல் ஓட்டுநர் அந்தப் பகுதிக்குள் நுழைய மாட்டார். மறுமுனையில் ஒப்படைத்த பிறகே அடுத்தது வரும். உங்களுக்கும் இதுதான் தேவை. ஒரு சாதாரண லினக்ஸ் இயந்திரம். எல்லாக் கருவிகளும் அந்த ஒரு முகவரியிலிருந்து மட்டுமே எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து பாதுகாப்பாக நுழையும் வழி) ஏற்கும்படி அக்சஸ் லிஸ்ட். அந்த இயந்திரத்தில் கருவிக்கு ஒரு பூட்டுக் கோப்பு. லினக்ஸில் வரும் ‘எஃப்லாக்’ கட்டளையைச் சுற்றிப் பத்து வரி ஸ்கிரிப்ட் எழுதினால் போதும். ஒருவர் கோர் ஸ்விட்சுக்குள் நுழைந்தால் கோப்பு பூட்டப்படும், அவர் வெளியேறினாலோ இணைப்பு அறுந்தாலோ தானாகத் திறக்கும், இரண்டாவது ஆளுக்கு முதலாமவரின் பெயர் காட்டப்படும். சும்மா பார்க்க மட்டும் வருகிறவருக்குப் பூட்டில்லாத தனி வழியும், பார்க்கும் உரிமை மட்டுமுள்ள கணக்கும் வையுங்கள். இதன் அழகு என்னவென்றால், பார்ப்பது முதல் சேமிப்பது வரை முழுதும் பூட்டுக்குள் அடங்குகிறது. சிஸ்கோவா மைக்ரோடிக்கா என்ற வேறுபாடும் இல்லை. ஃபயர்வாலின் வலைப்பக்கத்துக்கு மட்டும் அதனுடைய சொந்தப் பூட்டே போதும். ஜம்ப் சர்வர் விழுந்தால்? கருவியில் நேரடியாகச் செருகும் கன்சோல் கேபிளும் அந்த உறையும் இருக்கின்றன.

அதே இயந்திரத்தில், கான்ஃபிகரேஷன்களைத் தானாகப் பிரதி எடுக்கும் ஆக்ஸிடைஸ்ட் மென்பொருளை நிறுவி, எல்லாக் கருவிகளின் கான்ஃபிகரேஷனையும் ‘கிட்’டில் (ஒவ்வொரு மாற்றத்தையும் வரிசையாக வைத்திருக்கும் மென்பொருள்) சேமிக்கச் சொல்லுங்கள். நோட்பேடில் தயார் செய்கிறவர், எந்தப் பிரதியைப் பார்த்துத் தயார் செய்தார் என்பதை மேலே குறித்துக்கொள்ளட்டும். ஒட்டுவதற்குச் சற்று முன் புதிய பிரதி எடுத்து ஒப்பிட வேண்டும். மாறியிருந்தால் நிறுத்த வேண்டும்.

ஒட்டுவதற்குச் சற்று முன் என்று நான் அழுத்துவதற்குக் காரணம் உண்டு. அமெரிக்க பசிபிக் நேரப்படி 2025 அக்டோபர் 19 இரவு, வட வர்ஜீனியாவில் அமேசான் கிளவுடின் டைனமோ டிபி தரவுத்தளச் சேவை விழுந்து, அதைச் சார்ந்த எத்தனையோ சேவைகள் மறுநாளும் தள்ளாடின. அமேசான் வெளியிட்ட விளக்கத்தின்படி, டிஎன்எஸ் பதிவுகளை (பெயர்களை முகவரிகளோடு இணைப்பவை) புதுப்பிக்கும் தானியங்கி நிரல்கள் ஒன்றையொன்று சாராமல் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்று வழக்கத்துக்கு மாறாக மெதுவாகிவிட்டது. தன் கையிலிருந்த திட்டம் புதியதுதானா என்று அது தொடக்கத்தில் சரிபார்த்திருந்தது. ஆனால் எழுதும் நேரத்துக்குள் அந்தச் சரிபார்ப்பு காலாவதியாகிவிட்டது. வேறொரு நிரல் எழுதியிருந்த புதிய திட்டத்தின் மேல் இது பழையதை எழுதியது. அதே வேளையில் அந்த மற்ற நிரல், பழைய திட்டங்களைத் துப்புரவு செய்வதாக அதையும் அழித்தது. அந்த வட்டார முகவரியின் பதிவு காலியானது. உங்கள் 9.30-க்கும் 10.15-க்கும் நடுவே நடந்ததற்கும் இதற்கும் அளவில்தான் வேறுபாடு.

நாளை நீங்களும் ஆன்சிபிள், பைத்தான் என்று தானியங்கி வழிகளுக்குப் போவீர்கள். அப்போது ஸ்கிரிப்டும் ஐந்தாவது நிர்வாகிதான். அதுவும் ஜம்ப் சர்வரின் பூட்டைக் கேட்டே நுழைய வேண்டும். நெட்கான்ஃப் (கான்ஃபிகரேஷனை நிரல்கள் மூலம் மாற்றும் நெறிமுறை) வழியாகப் பேசும் கருவிகளில் பூட்டுவதும் திறப்பதும் 2006-இல் வந்த முதல் தரநிலையிலிருந்தே உண்டு. இணைப்பு அறுந்தால் பூட்டும் விடுபடும். ஸ்கிரிப்டில் அந்த இரண்டு வரிகளையும் விட்டுவிட்டு எழுதும் இளைஞர்களை நிறையப் பார்க்கிறேன். உங்களுக்கு ஸ்கிரிப்ட் எழுதுகிறவரிடம் அவை உண்டா என்று, அவசரமில்லாதபோது ஒரு முறை கேட்டு வையுங்கள்.

எதை முதலில் செய்வது என்றால்: இந்த வாரமே தனிக் கணக்குகள், ஆர்க்கைவ் பதிவு, டைம்அவுட். இவற்றுக்கு ஒரு பிற்பகல் போதும். அடுத்து ஜூனிப்பரிலும் ஃபயர்வாலிலும் பூட்டுகள், பிறகு சிஸ்கோ. ஜம்ப் சர்வர் கடைசியில் வரலாம். ஒப்பந்தப் பொறியாளரின் கணக்கை, வேலை இருக்கும் நேரத்துக்கு மட்டும் திறந்து, முடிந்ததும் மூடுங்கள். அடுத்த ஒப்பந்தப் புதுப்பிப்பில் இதை ஒரு விதியாகவே எழுதச் சொல்லுங்கள், முணுமுணுப்பார்கள், ஒப்புக்கொள்வார்கள்.

இருவரில் யாருக்காவது மெமோ கொடுக்கும் பேச்சு இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். இரவுப் பணியாளர் செய்தது முற்றிலும் சரி. பொறியாளரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: ட்ரங்க் வரிகளில் ‘ஆட்’ போடும் வழக்கம் அவருக்கு உண்டா என்று. இல்லையென்றால், அவர் இதுவரை உங்கள் ஸ்விட்சுகளில் ஒட்டிய மற்ற ட்ரங்க் வரிகளையும் பட்டியலோடு ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். மருந்தகம் சத்தம் போட்டதால் இது தெரிந்தது. சத்தம் போடாத வி-லேன்களும் இருக்கும்.